முடங்கியோரை நிமிர்த்திய மருத்துவமேதை லுட்விக் குட்மன்

வாளேந்தி நாடுகளை வென்றோரின் பெயர்களை நம் பிள்ளைகள் பாடநூல்களில் மனனம் செய்கின்றனர். அவர்கள் வென்ற ஆண்டையும் வீழ்ந்த ஆண்டையும் தேர்வில் பிழையின்றி எழுதுகின்றனர். ஆனால் நோயோடும் அறியாமையோடும் போரிட்டுச் சாவின் வாயிலில் கிடந்தோரை மீட்டெடுத்த பெருமக்களின் பெயர்கள் நம்முள் பலர்க்குத் தெரிவதில்லை. அத்தகைய பெருமக்களுள் ஒருவர், செர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் தொண்டாற்றி மறைந்த மருத்துவர் லுட்விக் குட்மன்.

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். நான் குட்மனைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. பிறந்த குலத்தைக் காட்டி அரசாங்கமே தள்ளி வைத்த ஒரு மனிதர், உலகம் தள்ளி வைத்த வேறொரு கூட்டத்தாரைத் தாங்கிப் பிடித்தார் என்பது முதற் காரணம். இரண்டாவது காரணம் என் சொந்த வாழ்வைச் சார்ந்தது. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

பிறப்பும் இளமையும்

குட்மன் 1899ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3ஆம் நாள், அன்றைய செர்மனியின் மேல் சைலீசியப் பகுதியிலுள்ள தோஸ்ட் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹூட்டே என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் நிறைந்த நகரம் அது. சுரங்கத்தில் இறங்கியோர் அனைவரும் மாலையில் முழு உடலோடு வீடு திரும்புவர் என்னும் உறுதி அங்கு எவர்க்கும் இல்லை.

1917இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பதினெட்டு வயது இளைஞரான குட்மன் அந்நகரின் விபத்து மருத்துவமனையில் தொண்டு ஊழியராகச் சேர்ந்தார். ஒரு நாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தனர். வலிமை வாய்ந்த இளைஞர், முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உடலுக்கு மாவுக்கட்டுப் போட்டனர். பிற நோயாளிகளின் கண்ணில் படாதவாறு திரையிட்டு மறைத்து ஓரத்தில் கிடத்தினர். குட்மன் வழக்கம்போல் நோயாளியின் குறிப்புகளை எழுத முற்பட்டபோது, சில வாரங்களில் சாகப்போகிறவனுக்குக் குறிப்பு எதற்கு என மருத்துவர் தடுத்துவிட்டார். மருத்துவர் கணக்குத் தவறவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முற்றி, குருதியில் நஞ்சேறி, ஐந்தே வாரங்களில் அத்தொழிலாளி இறந்தார்.

நேற்றுவரை மலையைப் பிளந்தவன் இன்று புறக்கணிக்கப்பட்டுக் கிடந்து செத்த அக்காட்சி, குட்மனின் நெஞ்சை விட்டு இறுதிவரை அகலவில்லை. பின்னாளில் தம் வாழ்வுப் பணியைப் பற்றிப் பேச நேர்ந்த போதெல்லாம் அவர் அத்தொழிலாளியை நினைவுகூர்ந்தார்.

கல்வியும் பணியும்

1918இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வி தொடங்கிய குட்மன், பின்னர்ப் பிரைபர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1924இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரைபர்க்கில் யூத மாணவர் சங்கம் ஒன்றில் அவர் ஈடுபட்டிருந்தார். யூதர் வலுவற்றவர், கோழைகள் என்னும் ஏளனம் மாணவரிடையே பரவியிருந்த காலம் அது. அவ்வேளனத்துக்கு விடையாக அச்சங்கத்து மாணவர் உடற்பயிற்சியையும் விளையாட்டையும் முறையாகப் பயின்றனர். இழிவாகப் பேசப்பட்டவன் தன் உடலின் வலிமையை உணரும்போது உள்ளமும் நிமிர்கிறது என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார். அப்பாடம் பின்னர் எங்கே பயன்பட்டது என்பதை மேலே காண்போம்.

குழந்தை மருத்துவம் பயில விரும்பிப் பிரெஸ்லாவுக்குத் திரும்பியவருக்கு அத்துறையில் இடம் கிட்டவில்லை. நரம்பியல் துறையில் மட்டும் ஓர் இடம் இருந்தது. அத்துறையின் தலைவர் ஆட்ஃபிரிட் போர்ஸ்டர், ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற நரம்பியல் அறிஞர். விரும்பிய கதவு அடைபட, திறந்த கதவின் வழியே நுழைந்த குட்மன், போர்ஸ்டரின் முதன்மை உதவியாளராக உயர்ந்தார். மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றின் இயல்பை ஆழ்ந்து கற்றார். நரம்பு பழுதுற்ற இடத்தில் வியர்வை சுரப்பது நின்றுவிடும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, உடலில் வியர்க்கும் இடத்தையும் வியர்க்காத இடத்தையும் நிறமாற்றத்தால் காட்டும் சோதனை முறை ஒன்றையும் வகுத்தார்.

பிறப்பைக் காட்டி வந்த தடை

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் திங்களிலேயே யூதரை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் பிறந்தது. குட்மனின் அறிவில் குறையில்லை, ஒழுக்கத்தில் குறையில்லை, பிறப்பு ஒன்றே குற்றமாயிற்று. பல்கலைக்கழக மருத்துவமனையின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. அவர் பிரெஸ்லாவிலிருந்த யூதர் மருத்துவமனையில் பணி ஏற்று, 1937இல் அதன் தலைமை மருத்துவரானார். 1938இல் யூத மருத்துவர் அனைவரின் உரிமமும் பறிக்கப்பட்டது. யூதர்க்கு மட்டும் சிகிச்சை அளிக்கச் சிலருக்கு இசைவு தரப்பட்டது. அவர்களும் மருத்துவர் என்னும் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளலாகாது என்றனர்.

இதனைப் படிக்கும் நம் இளைஞர்க்கு நான் விளக்கம் கூறத் தேவையில்லை. பொதுக் கிணற்றிலும் பொதுத் தெருவிலும் பள்ளித் திண்ணையிலும் நம் பாட்டன்மார் கண்டதும் இதுவே. தகுதியைக் கேளாமல் பிறப்பைக் கேட்கும் கொடுமைக்கு ஊர்தோறும் பெயர் வேறு, உள்ளடக்கம் ஒன்று.

அந்த ஆட்சி யூதரோடு நிற்கவில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். உடல் ஊனமும் மனநோயும் கொண்டோரை நாட்டுக்குச் சுமை என்று அது அறிவித்தது. 1933இலேயே அத்தகையோர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் வந்தது. 1939 முதல் அவர்களைக் கொல்லும் திட்டமே தொடங்கிற்று. 1941 ஆகஸ்டு வரையிலான காலத்தில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட ஊனமுற்றோரும் மனநோயாளரும் நச்சுப் புகைக் கூடங்களில் கொல்லப்பட்டனர். தாழ்ந்த பிறப்பு என்று ஒருவனைத் தள்ளும் சிந்தனையும், பயனற்ற உடல் என்று ஒருவனைத் தள்ளும் சிந்தனையும் ஒரே வேரில் முளைத்தவை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

அறுபத்து நால்வர்

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு, செர்மனியெங்கும் யூதரின் தொழுகை இடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, வீடு வீடாகப் புகுந்து ஆண்களைக் கைது செய்தனர். அவ்விரவு மருத்துவமனைக் கதவைத் தட்டும் எவரையும் நோய் எதுவென்று கேளாமல் சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் தம் ஊழியர்க்கு ஆணையிட்டார். 64 பேர் அடைக்கலம் புகுந்தனர். மறுநாள் காவல் படையினர் வந்து இத்துணைப் பேர் ஒரே இரவில் எவ்வாறு நோயுற்றனர் என்று வினவினர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவர்க்கும் ஒரு நோயைப் பெயரிட்டு விளக்கினார். படுத்திருப்போர் நோயாளியாக நடிக்கும் வண்ணம் முகக்குறிப்பாலேயே அவர்களுக்கு உணர்த்தினார். 64 பேருள் 60 பேர் சிறைமுகாம் செல்லாமல் தப்பினர். பிடிபட்டிருந்தால் முதலில் உயிரிழந்திருப்பவர் அவரே.

போர்ச்சுகல் நாட்டுச் சர்வாதிகாரியின் நண்பர் ஒருவர்க்குச் சிகிச்சை அளிக்க, அந்நாசி அரசே குட்மனைப் பின்னர் லிசுபன் நகருக்கு அனுப்ப நேர்ந்தது. இழிகுலத்தான் என்று உரிமம் பறித்தவர்க்கு அவன் கைத்திறன் மட்டும் தேவைப்பட்டது போலும்! திரும்பும் வழியில் இலண்டனில் இறங்கியபோது, அகதியாக வரும் அறிஞர்க்கு உதவும் சங்கத்தார் அவர் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் இடம் ஏற்பாடாகியிருப்பதைத் தெரிவித்தனர். 1939 மார்ச்சுத் திங்களில் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் அவர் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் நரம்பு ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. நாற்பதை நெருங்கிய வயதில், புது மொழியில், புது நாட்டில், வாழ்வை முதலிலிருந்து தொடங்கினார்.

ஸ்டோக் மாண்டெவில்

இரண்டாம் உலகப் போர் முற்றிய வேளையில், முதுகெலும்பில் குண்டு பாய்ந்து வரும் வீரர்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று அமைக்க ஆங்கில அரசு முனைந்தது. எயில்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் அமைந்த அப்பிரிவின் தலைமையை ஏற்கும்படி குட்மனை அழைத்தனர். தம் முறைப்படி நடத்த முழு உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஏற்றார். 1944 பிப்ரவரி 1ஆம் நாள் அப்பிரிவு திறக்கப்பட்டது.

அப்பணியைப் பலர் விரும்பாமைக்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போரில் தண்டுவடம் பழுதுற்ற வீரருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சில வாரங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மாண்டுபோயினர். எஞ்சியோரும் விடுதிகளில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தனர். அவர்களுக்கு வலி தெரியாமல் வைத்துச் சாவை எதிர்பார்ப்பதே சிகிச்சை என்று கற்றறிந்த மருத்துவரே நம்பினர். குட்மன் இவர்களுக்காகத் தம் காலத்தை வீணடிக்கிறார் என்று உடன்பணியாற்றியோரும் எண்ணினர்.

குட்மனின் ஆராய்ச்சி எளிய ஒரு கேள்வியில் தொடங்கிற்று. இவர்களைக் கொல்வது எது? முறிந்த எலும்பா? இல்லை. தண்டுவடம் அறுபட்டவனுக்குக் கால் அசையாது. ஆயினும் அதனால் உயிர் போகாது. உயிரைப் போக்குவன இரண்டு: படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இவ்விரண்டும் முதுகெலும்பு முறிந்த அன்று வந்தவை அல்ல. முறிந்த பின் கவனிப்பார் இன்மையால் வந்தவை. ஆகவே இவை தடுக்கத் தக்கவை. விதி என்று உலகம் பெயரிட்டிருந்ததைப் புறக்கணிப்பு என்று அவர் பெயர் மாற்றி எழுதினார். அவர் செய்த பெரும் கண்டுபிடிப்பு இதுவே.

படுக்கைப்புண் உண்டாகும் வகையை நாமும் அறிந்திருத்தல் நலம். நாம் உறங்கும்போது ஒரு பக்கம் அழுந்தினால் வலி உணர்த்துகிறது. நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம். உணர்ச்சி இழந்தவனுக்கு அவ்வலி எட்டுவதில்லை. எட்டினாலும் புரளும் ஆற்றல் இல்லை. உடலின் எடை எலும்பு துருத்திய இடங்களில், அதாவது இடுப்பின் பின்புறத்திலும் இடுப்பெலும்பின் பக்கங்களிலும் குதிகாலிலும், மணிக்கணக்காக அழுந்துகிறது. அங்கே குருதி ஓடாமல் தோல் கறுத்து, தசை அழுகி, எலும்பு வரை குழி விழுகிறது. ஈரமும் அழுக்கும் அதனை விரைவுபடுத்துகின்றன.

குட்மன் முதலில் மாவுக்கட்டுகளை உடைத்தெறியச் செய்தார். நோயாளி ஒவ்வொருவரையும் இரண்டு மணிக்கு ஒரு முறை, பகலிலும் இரவிலும் தவறாது, புரட்டிப் படுக்க வைக்குமாறு விதித்தார். எலும்பு துருத்திய இடங்களுக்குக் கீழே மெத்தென்ற தாங்கணைகளை வைத்தார். இதற்கென ஊழியர் குழு ஒன்றையே பயிற்றினார். நள்ளிரவில் தாமே எழுந்து வந்து, உரிய நேரத்தில் புரட்டினார்களா என்று கட்டில் தோறும் பார்வையிட்டார். தவறியவர் அவரது சினத்துக்கு ஆளாயினர். அவர் கடுமையானவர் என்று பெயர் எடுத்தார். நோயாளிகளோ அவரை அப்பா என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தனர்.

சிறுநீரைக் கழிக்கும் உணர்வு அற்றுப்போனவர்க்கு வடிகுழாய் தேவை. அக்குழாயின் வழியே கிருமி ஏறிச் சிறுநீர்ப்பையையும் பின்னர்ச் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரைக் குடித்தது. குட்மன் அறுவைச் சிகிச்சைக்கு உரிய தூய்மையோடு, குழாயைக் கை தீண்டாத முறையில், குறித்த இடைவெளிகளில் செலுத்தி எடுக்கும் வழியைக் கையாண்டார். தொடக்கத்தில் மருத்துவரே அதனைச் செய்ய வேண்டும் என்று விதித்துத் தாமும் செய்தார். இம்முறையால் நோயாளிகள் தொற்றின்றி வீடு திரும்பியதைப் பல்லாண்டுக் குறிப்புகளின் துணையோடு 1966இல் தம் உடன்பணியாளர் ஒருவருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

1947இல் விட்டெரிட்ஜ் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத் தக்கது. மார்பின் மேற்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பழுதுற்றவர்க்குச் சிறுநீர்ப்பை நிரம்பி விம்மினால் குருதி அழுத்தம் திடீரென உயரும், தலை இடிக்கும், முகம் வியர்க்கும், உடனே சிறுநீரை வெளியேற்றாவிட்டால் உயிருக்கே ஊறு நேரும். இவ்வுண்மையை அவ்விருவரும் அளந்து காட்டினர். இன்றும் தண்டுவட நோயாளியைப் பேணுவோர் முதலில் கற்கும் பாடங்களுள் அது ஒன்று.

உயிர் பிழைத்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே பட்டறை வைத்தார். மரவேலையும் கடிகாரம் பழுது பார்த்தலும் பிறவும் கற்பித்தார். கட்டிலில் கிடந்து அரசின் தயவை எதிர்நோக்கியவன் உழைத்துப் பொருளீட்டி வரி செலுத்தும் குடிமகனாக வேண்டும் என்பதே அவர் கொண்ட இலக்கு.

என் மாணவன்

நான் முன்னர்க் கூறிய இரண்டாவது காரணத்தை இங்கே சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற நம் தெருப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டட வேலைக்குச் சென்றான். சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தான். உடன் இருந்தோர் பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் மடக்கிப் போட்டு எடுத்துச் சென்றனர். சில வாரம் கழித்து, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கூறி மருத்துவமனையார் வீட்டுக்கு அனுப்பினர். கூரை வீட்டின் பின்தாழ்வாரத்தில், கயிற்றுக் கட்டிலில், அவன் பதினொரு மாதம் கிடந்தான். நான் மூன்று முறை பழம் வாங்கிக்கொண்டு பார்க்கச் சென்றேன். மூன்றாம் முறை சென்றபோது வாசலிலேயே புண்ணின் நாற்றம் வந்தது. அவன் தாய் நாள்தோறும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவி வந்தாள். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னவர் எவரும் இல்லை. பி.ஏ., பி.எட். படித்த நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அவன் இறந்தபோது ஊரார் விதி என்றனர். நானும் தலையசைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்துக் குட்மனின் வரலாற்றைப் படித்தேன். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுதல் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்கு மருந்து வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை. முறை வைத்து வர நாலு பிள்ளைகளும், அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரும் போதும். நம் தெருவில் பிள்ளைகள் இருந்தனர். ஆசிரியரும் இருந்தார்.

மரம் ஏறுவோரும், கிணறு வெட்டுவோரும், சாரத்தில் நிற்போரும், மூட்டை சுமப்போரும் நம் மக்களுள் மிகுதி. முதுகெலும்பு முறியும் தொழில்கள் யாவும் நம் பங்குக்கே வந்துள்ளன. ஆதலின் குட்மனின் ஆராய்ச்சி வேறெவர்க்கும் முன் நமக்கு வேண்டிய கல்வியாகும்.

விளையாட்டுப் பெருவிழா

மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு நாள், சக்கர நாற்காலியில் அமர்ந்த நோயாளிகள் சிலர் ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து வட்டு ஒன்றை அடித்து விளையாடுவதைக் குட்மன் கண்டார். பிரைபர்க்கில் பயின்ற பாடம் அவர்க்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். விளையாட்டைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து போலோ ஆடினர். அது முரட்டு ஆட்டமாக இருந்தமையின் கூடைப்பந்து போன்றவை அதன் இடத்தைப் பெற்றன. அம்பெய்தலை அவர் பெரிதும் விரும்பினார். அது தோளையும் முதுகையும் வலுப்படுத்தி உடலின் சமநிலையைக் காத்தது. அன்றியும், நாற்காலியில் இருப்பவன் நிற்பவனோடு சரிநிகராகப் போட்டியிடக் கூடிய விளையாட்டும் அதுவே.

1948 சூலை 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கின. அதே நாளில், ஸ்டோக் மாண்டெவில் புல்வெளியில், 14 ஆடவரும் 2 பெண்டிருமாக 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். அந்நாளைத் தேர்ந்தது தற்செயல் அன்று. எதிர்காலத்தில் இதுவும் உலகப் பெருவிழாவாகும் என்று அவர் அடுத்த ஆண்டே கூறியபோது கேட்டோர் நகைத்திருக்கக் கூடும். 1952இல் நெதர்லாந்து நாட்டு வீரர்கள் வந்து சேர, அது பன்னாட்டு விழாவாயிற்று. 1960இல் ரோம் நகரில், ஒலிம்பிக் முடிந்த சில நாள்களில், 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்டனர். இன்று பாராலிம்பிக் என்று உலகம் போற்றும் விழாவின் முதல் நிகழ்ச்சியாக அதுவே கணக்கிடப்படுகிறது. 1976இல் கனடாவின் டொராண்டோவில் கை கால் இழந்தோரும் பார்வையற்றோரும் அதில் இடம் பெற்றனர்.

அவ்விழாவின் கனி நம் நாட்டுக்கும் கிட்டியது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்ட இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் செர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். எந்த நாடு ஊனமுற்றோரைக் கொன்று குவித்ததோ, எந்த நாடு குட்மனை விரட்டிற்றோ, அந்நாட்டு மண்ணிலேயே அவர் கண்ட விழா நடந்தது என்பது வரலாறு எழுதிய தீர்ப்பு. நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ நகரில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். காய்கறி விற்று அவரை வளர்த்தவர் அவர் அன்னையார். 2024இல் பாரிசு நகரில் மாரியப்பன் வெண்கலம் வெல்ல, தமிழ்நாட்டு மகளிரான துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் இறகுப்பந்தில் பதக்கம் பெற்றனர். அவ்வாண்டு இந்தியா பெற்ற பதக்கங்கள் 29.

இறுதி நாள்கள்

குட்மனுக்கு ஆங்கில அரசு 1966இல் சர் பட்டம் அளித்தது. 1976இல் அறிஞர் பெருமன்றமாகிய இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. தண்டுவட நோய் மருத்துவர்களுக்கென உலக அளவில் ஒரு சங்கத்தையும் ஆய்விதழ் ஒன்றையும் தோற்றுவித்தார். 1973இல் தம் அனுபவம் அனைத்தையும் திரட்டிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவரிடம் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பல நாடுகளுக்கும் சென்று அவர் முறையைப் பரப்பினர். 1969இல் ஸ்டோக் மாண்டெவிலில் ஊனமுற்றோர்க்கென விளையாட்டரங்கம் ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1980 மார்ச்சு 18ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

நம் கடமை

அன்பார்ந்த இளைஞர்களே, குட்மனின் வரலாற்றைப் படித்துக் கைதட்டிவிட்டு மலரை மூடிவிடாதீர்கள். இழிவுபடுத்தப்பட்டவன் தன்னிலும் மெலிந்தவனை இழிவுபடுத்திவிடும் அவலம் உலகில் உண்டு. நம்மிடையேயும் உண்டு. நம் தெருக்களிலேயே நொண்டி என்றும் குருடு என்றும் மனிதரைப் பெயரிட்டு அழைக்கிறோம். ஊனமுற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டைக் காக்க வைக்கிறோம். பிறப்பின் பேரால் வந்த இழிவை எதிர்க்கும் நமக்கு, உடலின் பேரால் ஒருவரை இழிக்க உரிமை இல்லை.

செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். உயரத்திலிருந்து விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கலாகாது. தலையும் முதுகும் வளையாமல், மரக்கட்டையை நகர்த்துவது போல் பலர் சேர்ந்து பலகையின் மேல் கிடத்தியே எடுத்துச் செல்ல வேண்டும். படுக்கையில் கிடப்போரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். நாள்தோறும் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி ஈரமின்றி இருக்க வேண்டும். கழுத்தளவில் தண்டுவடம் பழுதுற்றவர்க்கு உடல் வியர்த்துக் குளிர்வதில்லை. நம் கோடையில் அவரை வெயில் படும் தாழ்வாரத்தில் கிடத்தலாகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் இடம் ஒதுக்கியுள்ளது. அடையாள அட்டை இல்லாமையால் இவ்வுரிமையை இழப்போர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது படித்த பிள்ளைகளின் பொறுப்பு.

கழகப் பொறுப்பாளர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் முன்னோர் காசு காசாகச் சேர்த்துக் கட்டிய இக்கழகக் கட்டடத்தின் வாயிலில் ஐந்து படிகள் உள்ளன. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒருவன் அப்படிகளின் கீழேயே நின்றுவிடுவான். வாசலுக்கு வெளியே நிற்பதன் வலி நமக்குத் தெரியாததன்று. வெள்ளி விழா நினைவாகக் கல்வெட்டு நாட்டுவதற்கு முன், அப்படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைத்துத் தாருங்கள். அதற்கு என் பங்காக ஒரு திங்கள் ஊதியத்தை அளிக்கிறேன். அதில் முதலாவதாக ஏறி வந்திருக்க வேண்டியவன் இன்று இல்லை. இனி வருவோராவது ஏறி வரட்டும்.